பரிசு தானமன்று, அது கொடுக்கப்பட்ட வாக்கு

தானமாகக் கிடைத்த மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்பது நம்மிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. கொடுப்பவரின் மனத்தைப் புண்படுத்தலாகாது என்ற நற்பண்பே அதன் உட்பொருள். ஆனால், போட்டியொன்றில் வென்றவருக்கு அறிவிக்கப்பட்டதிலும் குறைந்த பரிசு வழங்கப்படும்போதும் இப்பழமொழியே அவருடைய வாயை அடைத்துவிடுகிறது. "சும்மா வந்ததுதானே, வந்த மட்டும் இலாபம்" என்று ஊரும் உறவும் கூற, வென்றவரும் மௌனமாகிறார். இம்மௌனம் நியாயமானதுதானா என்பதே இங்கு ஆராயப்பட வேண்டிய வினாவாகும்.

ஓர் உதாரணத்தைக் கற்பனை செய்து பார்ப்போம். கடற்றொழிலையும் தோட்டப் பயிர்ச்செய்கையையும் நம்பி வாழும் கற்பிட்டிக் குடாநாட்டில், குறிஞ்சிப்பிட்டியைச் சேர்ந்த மீனவர் ஒருவரின் மகள் சவர்க்காரத்தின் மேலுறைகளைச் சேர்த்தனுப்பிப் போட்டியொன்றில் வெல்கிறாள். ஒன்றரை இலட்சம் ரூபா பெறுமதியான மடிக்கணினி என்பது விளம்பரம். தந்தை ஒரு நாள் தொழிலை இழந்து, பஸ் கட்டணத்துக்குக் கடன்பட்டு, மகளைக் கொழும்புக்கு அழைத்துச் செல்கிறார். மேடையில் கைதட்டலும் புகைப்படமும் குறைவின்றிக் கிடைக்கின்றன. வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்த பின்னரே, கிடைத்தது அதில் பாதி விலையும் பெறாத வேறொரு கருவி என்பது தெரியவருகிறது. உயர்தர வகுப்புப் படிப்புக்கு உதவும் என்று நம்பிய பிள்ளைக்கு எஞ்சுவது அந்தப் புகைப்படம் மட்டுமே.

இத்தகைய குறைவு பல வழிகளில் நேர்கிறது. அறிவித்த பொருளுக்குப் பதிலாக மலிவான வேறொன்றைக் கொடுப்பது ஒரு வழி. பணம் என்று கூறிவிட்டு, குறித்த கடையில் மட்டும் செல்லுபடியாகும் கொள்வனவுச் சீட்டைக் கொடுப்பது மற்றொரு வழி. "ஒரு இலட்சம் வரை" என்று எழுதி, அந்த "வரை" என்ற சொல்லைக் கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் அச்சிடுவதும் உண்டு. சட்டப்படி கழிக்கப்படும் வரியையும் தரகையும் முன்கூட்டியே கூறாமல் விடுவதும் இவ்வகையிலேயே சேரும்.

இறுதியாகக் கூறியதற்குக் கேரளம் நல்ல உதாரணம். 2022 செப்டெம்பரில் அம்மாநில அரசின் ஓணம் பரிசுச் சீட்டில் முதற்பரிசு 25 கோடி இந்திய ரூபா. திருவனந்தபுரத்தைச் சேர்ந்த முச்சக்கரவண்டிச் சாரதி ஒருவர் அதை வென்றார். சீட்டு விற்ற முகவருக்குரிய 10 வீதம் போக 22 கோடியே 50 இலட்சம். அதில் 30 வீத வருமான வரி போக 15 கோடியே 75 இலட்சம். இங்கு ஏமாற்று எதுவும் நடைபெறவில்லை. கழிவுகள் யாவும் சட்டப்படியானவையே. ஆயினும் சுவரொட்டியில் மக்கள் கண்டது 25 கோடியைத்தான். உதவி கேட்டு வாசலில் திரண்ட மக்களின் தொல்லை தாங்காமல், வெல்லாமலே இருந்திருக்கலாம் என்று சில நாட்களில் அவரே வருந்திக் கூறினார். நமது நாட்டிலும் 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம், 5 இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட லொத்தர் வெற்றிப் பணத்தில் 14 வீதத்தை வரியாகப் பிடித்துவைக்க ஏற்பாடு செய்தது.

சட்டப்படியான கழிவு ஒரு புறமிருக்க, கொடுத்த வாக்கே கைவிடப்பட்டால் விளைவு எத்துணைக் கொடியதாகும் என்பதைப் பிலிப்பைன்ஸ் நாடு 1992இல் கண்டது. அங்கு பெப்சி நிறுவனம் போத்தல் மூடிகளின் உட்புறத்தில் எண்களை அச்சிட்டுப் போட்டியொன்றை நடத்தியது. ஆகக்கூடிய பரிசு 10 இலட்சம் பெசோ. வறிய மக்கள் நாள்தோறும் பானத்தை வாங்கி மூடிகளைச் சேகரித்தனர். 1992 மே 25ஆம் திகதி தொலைக்காட்சியில் 349 என்ற எண் வெற்றி எண்ணாக அறிவிக்கப்பட்டது. ஆனால், தவறுதலாக அதே எண் ஏறத்தாழ 8 இலட்சம் மூடிகளில் அச்சிடப்பட்டிருந்தது. அம்மூடிகளில் வெற்றிக்குரிய பாதுகாப்புக் குறியீடு இல்லை என்று கூறிய நிறுவனம், நல்லெண்ணத் தொகையாக ஆளுக்கு 500 பெசோ வழங்க முன்வந்தது. பத்து இலட்சம் ஐந்நூறாகச் சுருங்கிற்று. 4 இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அதைப் பெற்றுக்கொண்டனர். ஏனையோர் வீதிக்கு இறங்கினர். நிறுவனத்தின் லொறிகள் தாக்கப்பட்டன. 1993 பெப்ரவரியில் மணிலாவில் லொறியொன்றின் மீது வீசப்பட்ட குண்டு, அவ்வழியே நின்ற ஆசிரியை ஒருவரையும் ஐந்து வயதுக் குழந்தையையும் பலிகொண்டது. ஆயிரக்கணக்கானோர் நீதிமன்றம் சென்றனர். 2006இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம், பரிசைக் கொடுக்க நிறுவனம் கடமைப்படவில்லை என்று தீர்த்தது. எண்ணுடன் உரிய பாதுகாப்புக் குறியீடும் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையே அத்தீர்ப்புக்கு அடிப்படையாயிற்று. பெரிய எழுத்தைப் படித்து நம்பியவர்கள் சிறிய எழுத்தால் தோற்றனர்.

அவ்வாறாயின் விளம்பரத்தில் தரும் வாக்கு வெறும் ஆரவாரம்தானா? அன்று என்பதை ஒரு நூற்றாண்டுக்கும் முன்னரே இங்கிலாந்தின் மேன்முறையீட்டு நீதிமன்றம் நிலைநாட்டியது. தனது புகைக் குமிழ் மருந்தை நாளுக்கு மூன்று தடவையாக இரு வாரம் பயன்படுத்திய பின்னரும் இன்ஃபுளுவென்சா காய்ச்சல் காண்பவருக்கு 100 பவுண் வழங்குவதாக ஒரு நிறுவனம் விளம்பரம் செய்தது. தன் நேர்மைக்குச் சான்றாக 1,000 பவுண் வங்கியில் இடப்பட்டிருப்பதாகவும் அறிவித்தது. கார்லில் என்ற பெண்மணி மருந்தை முறைப்படி பயன்படுத்தியும் நோயுற்றார், பணத்தைக் கேட்டார். விளம்பரத்தை யாரும் மெய்யென்று கொள்ள மாட்டார்கள் என்பது நிறுவனத்தின் வாதம். 1892 டிசம்பரில் நீதிமன்றம் அதை நிராகரித்தது. நிபந்தனையை நிறைவேற்றியவருக்கு அவ்வாக்கு கடனாகிவிடுகிறது என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

நமது நாட்டின் நிலையும் இதற்கு மாறானதன்று. கற்பிட்டியில் கோட்டை கட்டிய ஒல்லாந்தர் விட்டுச்சென்ற உரோம-டச்சுச் சட்டமே இலங்கையில் ஒப்பந்தங்களுக்கு இன்றும் அடிப்படை. மனமார்ந்து, தகுந்த காரணத்துடன் அளிக்கப்படும் வாக்குறுதி, கைமாறு இல்லாவிடினும் கட்டுப்படுத்தும் என்பது அதன் கொள்கை. மேலும், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, நுகர்வோரைத் தவறாக வழிநடத்தும் அல்லது ஏமாற்றும் நடத்தையில் எந்த வியாபாரியும் ஈடுபடலாகாது என்று விதிக்கிறது. பரிசைக் காட்டிப் பொருளை விற்பதும் வியாபார நடத்தையே. அச்சவர்க்காரத்தின் விலையில் பரிசின் செலவும் அடங்கியிருக்கிறது. அதை வாங்கிய ஆயிரக்கணக்கான குடும்பங்களே பரிசுக்குப் பணம் கொடுத்தவர்கள். ஆகவே, குறைவைச் சுட்டிக்காட்டுவது நன்றி கெட்ட செயலன்று, உரிமையைக் கேட்பதேயாகும்.

உரிமையைக் கேட்பதற்குச் சான்று தேவை. போட்டியில் கலந்துகொள்ளும் நாளிலேயே விளம்பரத்தையும் நிபந்தனைகளையும் திகதியுடன் பாதுகாத்து வைத்தல் வேண்டும். நிபந்தனைகள் தமிழில் இல்லையாயின் தெரிந்தவரைக் கொண்டு வாசிப்பித்தல் நன்று. பரிசு பணமா, பொருளா, கொள்வனவுச் சீட்டா, வரியை யார் செலுத்துவது, பொருள் இல்லாதபோது பதிலாக எது தரப்படும் என்பவற்றை எழுத்தில் கேட்க வேண்டும். பரிசைப் பெறும்போது பெட்டியை அங்கேயே திறந்து, பொருளின் பெயரையும் மாதிரி இலக்கத்தையும் பற்றுச்சீட்டில் எழுதிய பின்னரே கையொப்பமிடல் வேண்டும். குறைவு காணின், முதலில் நிறுவனத்துக்கு எழுத்து மூலம் அறிவித்து, பின்னர் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறையிடலாம். அதன் தொலைபேசி இலக்கம் 1977. ஆயினும் பொருளை வாங்கிய மூன்று மாதங்களுக்குள் முறைப்பாடு எழுத்தில் சென்றடைய வேண்டும் என்று சட்டத்தின் 13ஆம் பிரிவு கூறுகிறது. போட்டிகள் பல மாதங்கள் நீடிப்பதால், காலம் கடந்துவிடாமல் கவனித்தல் அவசியம்.

மற்றொன்றையும் வலியுறுத்த வேண்டும். உங்கள் கைத்தொலைபேசி இலக்கத்துக்குப் பரிசு விழுந்துள்ளது, அதைப் பெற முதலில் இவ்வளவு பணம் அனுப்புங்கள் என்று வரும் செய்தியில் குறைந்த பரிசு என்ற பேச்சுக்கே இடமில்லை. அங்கு பரிசே இல்லை. கலந்துகொள்ளாத போட்டியில் யாரும் வெல்வதில்லை. வெளிநாட்டில் உழைக்கும் பிள்ளையின் பணத்தை இவ்வாறு இழப்பது பெருங்கொடுமை.

நிறுவனங்களை மட்டும் குறை கூறுவதும் பொருந்தாது. நமது ஊர்ச் சங்கங்களும், பாடசாலைகளும், சமய நிறுவனங்களும் கிராஅத் போட்டி, பண்ணிசைப் போட்டி, கட்டுரைப் போட்டி எனப் பலவற்றை நடத்துகின்றன. தங்கப் பதக்கம் என்று அறிவித்துவிட்டு முலாம் பூசியதை அணிவிப்பதும், பணப்பரிசு என்று கூறிச் சான்றிதழுடன் அனுப்பிவிடுவதும் அங்கும் நேரக்கூடியவையே. அனுசரணையாளர் கைவிட்டார் என்பது மெய்யாகவும் இருக்கலாம். அதைச் சபையில் வெளிப்படையாகக் கூறினால் பிள்ளை புரிந்துகொள்ளும். கூறாது விட்டால், பெரியோரின் வாக்கு நம்பத்தக்கதன்று என்ற பாடத்தையே அப்பிள்ளை பரிசாகக் கொண்டு செல்லும்.

ஒப்பந்தங்களை நிறைவேற்றுமாறு திருக்குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயம் அதன் முதல் வசனத்திலேயே பணிக்கிறது. அளவையில் குறைப்போரைக் கண்டிப்பதற்கென்றே அதன் 83ஆம் அத்தியாயம் தொடங்குகிறது. திருக்குறளோ சூதில் கிட்டும் வெற்றியை, இரையென்று எண்ணித் தூண்டில் இரும்பை மீன் விழுங்கியதற்கு ஒப்பிடுகிறது. கடலோடு வாழும் நமது மக்களுக்கு இவ்வுவமையை விளக்க வேண்டியதில்லை. அறிவால் வெல்லும் போட்டி சூதன்று. ஆனால் அறிவித்ததைக் குறைத்துக் கொடுப்பவர் அதையும் தூண்டிலாக மாற்றிவிடுகிறார். எனவே, பரிசு அறிவிப்போர் கொடுக்கக்கூடியதை மட்டுமே அறிவிக்கட்டும். வென்றோர் அறிவிக்கப்பட்டதைத் தயக்கமின்றிக் கேட்கட்டும். வாக்காக வந்த மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பதில் தவறேதுமில்லை.