மண்ணும் கடலும் சொல்லும் பாடம் எல்லாப் பிள்ளைகளையும் சென்றடைகிறதா?

2004 டிசம்பர் 26 அன்று காலை, தாய்லாந்தின் பூக்கெட் தீவில் மாய்க்காவ் கடற்கரையில் நின்ற டில்லி ஸ்மித் என்ற 10 வயது ஆங்கிலேயச் சிறுமி, கடல் நுரைத்துப் பொங்குவதைக் கண்டு சுனாமி வரப்போகிறது என்று பெற்றோரிடம் கூறினாள். அதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்னர்தான் அவளது பாடசாலையில் புவியியல் ஆசிரியர் அந்தப் பாடத்தைக் கற்பித்திருந்தார். அவளது எச்சரிக்கையால் அக்கரையில் நின்ற ஏறக்குறைய நூறு பேர் உயிர் தப்பினர்.

அதே காலையில், சுமாத்திராவுக்கு அப்பால் நிலம் அதிர்ந்து ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தின் பின்னரே அலை எமது கிழக்குக் கரையைத் தொட்டது. முல்லைத்தீவிலும் வடமராட்சி கிழக்கிலும் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் அந்த இடைவெளி எவருக்கும் பயன்படவில்லை. இலங்கையில் 30,000 இற்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

புவியைப் பற்றிய அறிவு பரீட்சைக்கு மட்டும் உரியதல்ல என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. ஆனால் அந்த அறிவு வகுப்பில் இருக்கும் எல்லாப் பிள்ளைகளையும் சென்றடைகிறதா? செவிப்புலன் குறைந்த பிள்ளை, பார்வையற்ற பிள்ளை, மெல்லக் கற்கும் பிள்ளை, தமிழகத்து முகாமில் படித்துவிட்டு ஊர் திரும்பிய பிள்ளை எல்லோரும் ஒரே வாங்கில் இருக்கக்கூடும். கரும்பலகையில் எழுதிப்போட்டுப் பார்த்தெழுதச் சொல்லும் முறை இவர்களில் பலரை வெளியே நிறுத்திவிடுகிறது.

முதலாவது தடை மொழி. எங்கள் பாடநூல் ‘தரைக்கீழ் நீர்’ என்கிறது. தமிழகப் பாடநூலில் படித்த பிள்ளைக்கு அது ‘நிலத்தடி நீர்’. இங்கே ‘அடையற் பாறை’ எனப்படுவது அங்கே ‘படிவுப் பாறை’. வீட்டில் இந்தச் சொற்கள் எவையுமே புழங்குவதில்லை. “கிணத்துத் தண்ணி உவராப் போச்சு” என்பதே பிள்ளை கேட்டு வளர்ந்த பேச்சு. ஆகவே சொல்லிலிருந்து தொடங்காமல் பொருளிலிருந்து தொடங்குவதே நல்லது. முதலில் பிள்ளை பார்க்கட்டும், தொடட்டும். தான் கண்டதைத் தன் பேச்சிலேயே சொல்லட்டும். பாடநூற் சொல்லை அதன் பிறகு கொடுக்கலாம். இரண்டு நாட்டுச் சொற்களையும் சுவரில் அருகருகே எழுதி வைத்தால், திரும்பி வந்த பிள்ளை தான் படித்தது பிழையென்று குறுகிப்போக வேண்டியதில்லை.

யாழ்ப்பாணக் கிணற்றையே எடுத்துக்கொள்வோம். குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. மழைநீர் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலும் இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் மிதக்கிறது. இதை ஒரு கண்ணாடிக் குவளையில் காட்டலாம். உப்பைக் கரைத்து நிறமூட்டிய நீரைக் கீழே விட்டு, அதன் மேல் கரண்டி வழியாக நல்ல நீரை மெதுவாக ஊற்றினால் இரண்டும் தனித்தனியே நிற்கும். உறிஞ்சுகுழலால் மேலிருந்து மெல்ல எடுத்தால் நல்ல நீரே வரும். ஆழமாக விட்டுப் பலமாக இழுத்தால் நிறநீர் ஏறிவரும். மெல்லக் கற்கும் பிள்ளைக்கு அந்த நிறமே பாடம். கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளைக்கு இன்னொன்றும் சொல்லலாம்: கடல் மட்டத்துக்கு மேல் 1 மீற்றர் நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீற்றர் ஆழம் வரை நன்னீர் இருக்கும். மேலே சிறிது இறைத்தாலும் கீழே உவர்நீர் பெருமளவு உயர்வது ஏனென்று அப்போது விளங்கும்.

இரண்டாவது தடை புலன். புவியின் 460 கோடி ஆண்டு வரலாற்றைப் பார்வையற்ற பிள்ளைக்கு ஒரு கயிற்றால் கற்பிக்கலாம். 46 மீற்றர் கயிற்றை மைதானத்தில் இழுத்துக் கட்டினால், ஒரு மீற்றர் 10 கோடி ஆண்டாகிறது. ‘வன்னித் தொகுதி’ என்று புவிச்சரிதவியலாளர் பெயரிட்ட பாறைகள் பெருவெப்பத்தில் உருமாறியது, முடிவிலிருந்து ஏறத்தாழ 6 மீற்றர் தூரத்தில் வரும். டைனோசர்கள் மறைந்த முடிச்சு 66 சென்ரிமீற்றரில். யாழ்ப்பாணச் சுண்ணாம்புக்கல் கடைசி 23 சென்ரிமீற்றருக்குள். மனித இனம் கடைசி 3 மில்லிமீற்றர். விரலால் தடவிப் பார்ப்பவருக்கும் கண்ணால் பார்ப்பவருக்கும் பாடம் ஒன்றே.

கேட்காத பிள்ளைக்குத் தகடுகளின் நகர்வை இரண்டு உள்ளங்கைகளால் காட்டலாம். நிலையான சைகை இல்லாத சொல்லுக்கு வகுப்பே கூடி ஒரு சைகையைத் தீர்மானிக்கலாம். இது சலுகையல்ல. அபாய அறிவிப்பு ஒலிபெருக்கியில்தான் வருமென்றால், அதைக் கேட்க முடியாதவரைக் காப்பது அவர் கற்ற அறிகுறிகளே. அவற்றையும் சரியாகக் கற்பிக்க வேண்டும். சுனாமிக்கு முன் கடல் எப்போதும் உள்வாங்கும் என்று மனனம் செய்விப்பது ஆபத்தானது. 2004 இல் தாய்லாந்துக் கரையில் முதலில் நீர் வற்றியது. எமது கிழக்குக் கரைக்கு முதலில் வந்தது உயர்ந்த நீரே. முதல் அலையே பெரிய அலையாக இருக்கும் என்பதும் நிச்சயமில்லை.

மூன்றாவது தடை அச்சம். “கல் பொறுக்கி வா” என்பது எந்த நாட்டிலும் புவியியல் ஆசிரியரின் முதல் வீட்டுவேலை. போர் நடந்த நிலத்தில் அதை யோசிக்காமல் சொல்ல முடியாது. இனந்தெரியாத பொருளைத் தொடாதே என்று வளர்க்கப்பட்ட பிள்ளைகள் இவர்கள். கற்களை ஆசிரியரே கொண்டுவரலாம், அல்லது கிணறு வெட்டிய இடத்தில் எடுக்கலாம். சுண்ணாம்புக்கல்லில் சில துளி வினாகிரி விட்டால் நுரைக்கும், கருங்கல்லில் நுரைக்காது. இவ்வளவும் பாடசாலை மதிலுக்குள்ளேயே செய்யக்கூடியவை.

சுனாமிப் பாடம் நடத்தும் நாளை முன்கூட்டியே அறிவிப்பதும், அலை அடிக்கும் காணொளியைக் கட்டாயமாகப் பார்க்க வைக்காமல் விடுவதும் நல்லது. 2009 இற்குப் பின் பிறந்த பிள்ளைக்கு நேரடி நினைவு இல்லாதிருக்கலாம். ஆனால் வீட்டுச் சுவரில் படமாகத் தொங்குபவர்களை அது அறியும்.

இவற்றுக்குப் பெரும் செலவில்லை. தேவைப்படுவது நேரம். பாடத்திட்டத்தை முடிக்கும் அவசரத்தில் ஆசிரியர்களுக்கு அதுவே கிடைப்பதில்லை. பிள்ளை பள்ளியால் வந்ததும் “எத்தனை புள்ளி?” என்று கேட்கும் நாங்கள், “எங்கட கிணறு ஏன் உவராகுது?” என்றும் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம்.