கதவைத் திறந்து வைப்பதா? மூடி வைப்பதா?

சேலத்தில் என் அக்காள் வீடு. அன்று காலையில் அங்கே ஒரே சண்டை!

மாமியாருக்கும் மருமகளுக்கும் சண்டை அல்ல. வீட்டில் உள்ள அத்தனை பேருக்கும், வாஷிங் மெஷினுக்கும் சண்டை!

எந்திரம் வாங்கி எட்டு மாதம்தான் ஆகிறது. முன்பக்கத்தில் வட்டமான கண்ணாடிக் கதவு வைத்த எந்திரம். மாதத் தவணையில் வாங்கியது. தவணைப் பணம் இன்னும் கட்டி முடியவில்லை.

அதற்குள், துவைத்து எடுக்கும் துணியில் ஒரு நாற்றம். மழைக் காலத்தில் ஈரத் துணியை மூட்டை கட்டி வைத்தால் நாறுமே, அந்த நாற்றம். மூத்த பையன் பள்ளிக்கூடச் சட்டையை மோந்து பார்த்தான். "இதைப் போட்டுக்கிட்டுப் போக மாட்டேன்" என்று வீசி எறிந்து விட்டான்.

"கல்லில் அடித்துத் துவைத்தோமே, அப்போது துணி நாறியதா?" என்று அத்தை கேட்டார். அக்காள் வாய் திறக்கவில்லை.

மெக்கானிக் வந்தார். கதவைச் சுற்றி உள்ள ரப்பர் வளையத்தை விரலால் மடக்கினார். உள்ளே கறுப்பாகச் சேறு! கூடவே இரண்டு ஹேர்பின், குழந்தையின் காலுறை ஒன்று.

"மேடம், நீங்க கதவை எப்பவும் மூடியே வைக்கிறீங்க. சோப்புத் தூளையும் அள்ளிக் கொட்டுறீங்க. மெஷின் மேலே தப்பு இல்லை. இதுக்கு வாரண்டி கிடையாது" என்றார்.

ரப்பரை மாற்ற மூன்றாயிரம் ரூபாய் ஆகும் என்று ஒரு கணக்கும் சொன்னார்.

"கதவைத் திறந்து வைத்தால் இந்தப் பயல் உள்ளே ஏறிக்கொள்வானே, தம்பி!" என்றாள் அக்காள். அவள் இடுப்பில் இரண்டு வயதுச் சின்னவன். அவன் கை அப்போதே எந்திரத்தை நோக்கி நீண்டு கொண்டு இருந்தது.

நான் எந்திரத்தோடு வந்த புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். 'துவைத்து முடிந்ததும் கதவைத் திறந்து வையுங்கள்' என்று ஒரு பக்கத்தில் இருந்தது. 'சிறு குழந்தைகள் உள்ளே புகாதபடி கதவை மூடி வையுங்கள்' என்று இன்னொரு பக்கத்தில் இருந்தது!

இரண்டையும் ஒரே வீட்டில் எப்படிச் செய்வது? புத்தகத்தில் அதற்குப் பதில் இல்லை.

ஏன் நாறுகிறது?

மேல்பக்கம் மூடி வைத்த எந்திரத்தில் துணி தண்ணீரில் மிதந்து சுழலும். முன்பக்கம் கதவு வைத்த எந்திரம் அப்படி அல்ல. அதில் அடியில் கொஞ்சம் தண்ணீர்தான் நிற்கும். துணி மேலே போய்க் கீழே விழும், மேலே போய்க் கீழே விழும். ஆற்றங்கரைக் கல்லில் அடிப்பது போலத்தான். அதனால் தண்ணீர் மிச்சம். துணியும் அதிகம் நைந்து போகாது.

ஆனால், கதவு முன்பக்கத்தில் இருக்கிறது. ஒரு சொட்டும் வெளியே வரக்கூடாது. அதற்காகத்தான் அந்த ரப்பர் வளையம். அது தண்ணீரை உள்ளேயே நிறுத்துகிறது. கதவை மூடினால் காற்றும் உள்ளே போகாது. மடிப்பில் ஈரம் தங்குகிறது. சோப்பு, அழுக்கு, நூல் பஞ்சு எல்லாம் அங்கேயே ஒட்டிக் கொள்கின்றன. பூஞ்சைக்கு வேறு என்ன வேண்டும்?

பச்சைத் தண்ணீரிலேயே எப்போதும் துவைத்தால் அது இன்னும் செழிப்பாக வளரும். சோப்புத் தூள் கூடினாலும் அப்படித்தான். தண்ணீர் குறைவு, நுரை அதிகம். அலசினாலும் போகாது. நுரை மெத்தை போல இருப்பதால், துணி விழும் அடியும் பலமாக விழாது.

"சோப்பைக் குறை" என்று சொல்லுவது எளிது. ஆனால் சேலத்து ஆழ்குழாய்த் தண்ணீரில் கை கழுவிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒரு கரண்டித் தூளுக்கு நுரையே வராது! உப்புத் தண்ணீர் சோப்பின் வேலையைப் பாதியில் தின்று விடும். இன்னொரு கரண்டி போட்டவளைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கோர்ட்டுக்குப் போன நாற்றம்

இதே நாற்றம் அமெரிக்காவில் கோர்ட்டு வரை போனது!

வேர்ல்பூல் கம்பெனியின் முன்கதவு எந்திரங்களை வாங்கிய ஒகையோ மாநிலத்து மக்கள் வழக்குப் போட்டார்கள். "எந்திரத்தின் அமைப்பே தவறு. சோப்பும் அழுக்கும் தங்கும்படி உள்ளே இடுக்குகள் இருக்கின்றன. எந்திரம் தன்னைத் தானே கழுவிக் கொள்வது இல்லை. நாங்கள் என்ன செய்தாலும் பூஞ்சை வருகிறது" என்பது அவர்கள் கட்சி.

"வாங்கியவர்களில் மிகச் சிலருக்குத்தான் இந்தத் தொல்லை. சொன்னபடி பயன்படுத்தினால் வராது" என்பது கம்பெனியின் கட்சி.

வழக்கு மேல் கோர்ட்டுக்கும், உச்ச நீதிமன்றத்துக்கும் போய்த் திரும்பியது. கடைசியில், 2014 அக்டோபரில் கிளீவ்லாந்து நகரில் ஜூரிகள் முன் விசாரணை நடந்தது. தீர்ப்பு என்ன?

கம்பெனி வென்றது!

கதை அதோடு முடியவில்லை. 2001 முதல் 2010 வரை செய்த எந்திரங்கள் பற்றி வேறு வழக்குகளும் இருந்தன. 2016-ல் சமரசம் ஏற்பட்டது. வாங்கியவர்களுக்கு 50 டாலர் ரொக்கம், அல்லது புது எந்திரத்தில் 20 சதவீதத் தள்ளுபடி. பழுது பார்க்கச் செலவு செய்ததாக ரசீது காட்டியவர்களுக்கு 500 டாலர் வரை. ஆனால், எந்திரத்தில் குறை இருந்தது என்று கம்பெனி ஒப்புக் கொள்ளவில்லை.

ஒன்றைக் கவனியுங்கள். எந்திரத்தைச் சுத்தம் செய்வதற்கு என்றே மாத்திரை விற்கிறார்கள். எந்திரத்துக்குள் தனியாக 'டிரம் கிளீன்' என்று ஒரு பொத்தானும் வந்து விட்டது. வாங்கியவர்கள் மேல் மட்டுமே குற்றம் என்றால், அந்தப் பொத்தான் ஏன் வந்தது?

விமானத்தில் பாடம்

இரண்டாம் உலகப் போரில் நடந்த சம்பவம் ஒன்று உண்டு.

அமெரிக்காவின் 'பி-17' என்னும் குண்டு வீச்சு விமானங்கள் பத்திரமாகத் தரையில் இறங்கும். இறங்கிய பிறகு, விமானி திடீரென்று சக்கரங்களை மடக்கி விடுவார்! விமானம் வயிற்றில் விழுந்து நொறுங்கும். 'விமானியின் தவறு' என்று எழுதி வைத்தார்கள். ஒருவர் அல்ல, பலர் இதே தவறைச் செய்தார்கள்.

அல்போன்ஸ் சாபனிஸ் என்ற இளம் மனோதத்துவ நிபுணர் விமானத்துக்குள் போய்ப் பார்த்தார். சக்கரத்துக்கு ஒரு விசை. இறக்கை மடிப்புக்கு ஒரு விசை. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. இரண்டும் ஒரே மாதிரி இருந்தன! களைத்துப் போன மனிதன் இருட்டில் கையை வைத்தால் எது எது என்று எப்படித் தெரியும்?

சக்கர விசையின் முனையில் ஒரு சிறு சக்கரத்தையும், இறக்கை விசையில் ஆப்பு வடிவத்தில் ஒன்றையும் பொருத்தச் சொன்னார். தொட்டாலே தெரிந்தது. அந்தத் தவறும் நின்றது.

டான் நார்மன் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1988-ல் ஒரு புத்தகம் எழுதினார். அன்றாடப் பொருள்கள் நம்மை எப்படிக் குழப்புகின்றன என்பது பற்றிய புத்தகம். அதில் ஒரு சலவை எந்திரமும் வருகிறது. இங்கிலாந்தில் அவருடைய நண்பர் வீட்டு எந்திரம். அந்த வீட்டுக் கணவர், எந்திரங்களை மனிதர் எப்படிக் கையாளுகிறார்கள் என்று ஆராயும் நிபுணர். மனைவி டாக்டர். கணவர் அந்த எந்திரத்தின் பக்கமே போவது இல்லை! மனைவி ஒரே ஒரு அமைப்பை மனப்பாடம் செய்து கொண்டு, மற்றதைத் தொடுவது இல்லை!

நம் வீடுகளிலும் இதே கதைதானே? பதினைந்து வகைச் சலவை. எல்லாம் ஆங்கிலம், இல்லாவிட்டால் சின்னச் சின்னப் படம். என் அத்தை சிவப்புப் பேனாவால் ஒரு புள்ளி வைத்து இருக்கிறார். அந்தப் புள்ளியில் முள் நின்றால் சலவை. மற்ற பதினான்குக்கும் நாம் காசு கொடுத்து இருக்கிறோம்.

துள்ளியது, எரிந்தது

மேலே சொன்னது வெறும் நாற்றம். உயிருக்கே ஆபத்து வந்ததும் உண்டு.

2016 நவம்பரில் அமெரிக்காவில், சாம்சங் கம்பெனியின் மேல்மூடி எந்திரங்கள் 28 லட்சத்தைப் பற்றி அபாய அறிவிப்பு வந்தது. வேகமாகச் சுழலும்போது சில எந்திரங்கள் துள்ளி, மேல்பலகை பிய்த்துக் கொண்டு போனது. ஒருவருக்குத் தாடை எலும்பு முறிந்தது. கனமான போர்வை, தண்ணீர் புகாத துணி ஆகியவற்றை மெதுவான வேகத்தில்தான் துவைக்க வேண்டும் என்று எச்சரித்தார்கள். மேல்பலகையைப் பலப்படுத்திக் கொடுத்தார்கள். சலவை எந்திரத்தில் போர்வையைப் போட்டது வீட்டுக்காரியின் தவறா, என்ன?

இங்கிலாந்தில் 2019 டிசம்பரில் இன்னொரு அறிவிப்பு. ஹாட்பாயிண்ட், இண்டெசிட் என்ற பெயர்களில் விற்ற 5 லட்சத்து 19 ஆயிரம் எந்திரங்கள் வரை இதில் அடங்கும். தண்ணீரைச் சூடாக்கும்போது கதவுப் பூட்டுக்குள் இருந்த ஒரு பாகம் கொதித்துத் தீப்பிடிக்கக் கூடும்! பிளக்கைப் பிடுங்கிவிடச் சொன்னார்கள். இதில் வாங்கியவர் செய்யக் கூடிய தவறு எதுவுமே இல்லை.

நம் பக்கத் தவறும் உண்டு

எல்லாக் குற்றத்தையும் கம்பெனி தலையில் போட்டு விட முடியாது.

முன்கதவு எந்திரத்தின் பின்பக்கத்தில் நீளமான போல்டுகள் இருக்கும். லாரியில் வரும்போது உருளை ஆடாமல் இருக்க அவற்றை மாட்டி அனுப்புகிறார்கள். வீட்டுக்கு வந்ததும் கழற்ற வேண்டும். கழற்றாமல் ஓட்டினால் எந்திரம் அறை முழுவதும் நடக்கும்! சட்டைப் பையில் இருக்கும் காசும் ஹேர்பின்னும் தண்ணீர் வெளியேற்றும் பம்புக்குப் போய்விடும். வடிகட்டியை வருடக்கணக்கில் திறக்காத வீடுகள் எத்தனை! எர்த் இல்லாத பிளக்கில் மாட்டுவது அதைவிட மோசம். ஈரத் தரையில் நின்றபடி தொடுகிற பொருள் அல்லவா?

இரட்டைத் தொட்டி எந்திரத்தில், பிழியும் தொட்டியின் மூடியைத் திறந்தால் சுற்று நிற்கும்படி அமைப்பு இருக்கிறது. அது பழுதானால், "பரவாயில்லை" என்று அப்படியே ஓட்டுகிறார்கள். சுற்றும் துணியில் கை மாட்டினால் விரல் போய்விடும். பழுதைச் சரி செய்த பிறகே ஓட்ட வேண்டும்.

குளிர்பெட்டி சொன்ன கதை

அக்காளின் கேள்விக்கு வருவோம். குழந்தை உள்ளே ஏறினால்?

முன்பு அமெரிக்காவில் குளிர்பெட்டிகளுக்குத் தாழ்ப்பாள் வைத்த கதவு இருந்தது. வெளியே இருந்துதான் திறக்க முடியும். கண்ணாமூச்சி ஆடிய குழந்தைகள் பழைய பெட்டிகளுக்குள் ஒளிந்தார்கள். கதவு பூட்டிக் கொண்டது. மூச்சு முட்டி இறந்தார்கள். 'பெற்றோர் கவனிக்க வேண்டும், பழைய பெட்டியை வீசும்போது கதவைக் கழற்ற வேண்டும்' என்று உபதேசம் செய்து பார்த்தார்கள். சாவு நிற்கவில்லை.

1956-ல் சட்டம் போட்டார்கள். உள்ளே இருந்து தள்ளினால் கதவு திறக்க வேண்டும்! இன்று நம் வீட்டுக் குளிர்பெட்டிக் கதவு காந்தத்தில் ஒட்டி நிற்கிறதே, அந்த அமைப்பு எங்கும் பரவியதற்கு இந்தச் சட்டமும் ஒரு காரணம்.

2010-ல் தென்கொரியாவில் ஒரு சிறுவன் முன்கதவுச் சலவை எந்திரத்துக்குள் மாட்டிக் கொண்டு இறந்தான். எல்ஜி கம்பெனி சுமார் 10 லட்சம் எந்திரங்களின் கதவுப் பூட்டை இலவசமாக மாற்றித் தருவதாக அறிவித்தது. உள்ளே இருந்து திறக்கும் பூட்டு!

இதையும் கவனியுங்கள். 'சைல்டு லாக்' என்ற பொத்தான் இன்றைய எந்திரங்கள் பலவற்றில் இருக்கிறது. பல எந்திரங்களில் அது பொத்தான்களை மட்டும்தான் பூட்டும். கதவைப் பூட்டாது! அதை நம்பி ஏமாறக் கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டில் 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பொருளைச் செய்ததில் குறை இருந்து ஒருவருக்குத் தீங்கு நேர்ந்தால் கம்பெனி பொறுப்பு. பொருளின் அமைப்பிலேயே குறை இருந்தாலும் பொறுப்பு. எப்படிப் பயன்படுத்துவது என்று சரியாகச் சொல்லாமல் விட்டாலும் பொறுப்பு! அதே சமயம், வாங்கியவர் பொருளைத் தாறுமாறாகப் பயன்படுத்தினார், மாற்றி அமைத்தார் என்றால் கம்பெனி தப்பித்துக் கொள்ளலாம்.

தீங்கு எதுவும் இல்லை, பொருள்தான் சரி இல்லை என்றாலும் புகார் செய்ய வழி உண்டு. 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். 5 லட்சம் ரூபாய் வரை விலை உள்ள பொருளுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். பில்லையும், மெக்கானிக் எழுதிக் கொடுத்த சீட்டையும் பத்திரமாக வையுங்கள். "உங்கள் தவறு" என்று அவர் வாயால் சொன்னால் போதாது. என்ன தவறு என்று எழுதிக் கேளுங்கள்.

அக்காளும் எழுதிக் கேட்டாள். மெக்கானிக் தலையைச் சொறிந்தார். "ரப்பரை மாத்த வேண்டாம் மேடம், சுத்தம் பண்ணிப் பாருங்க" என்றார்.

பழைய துணியால் மடிப்பைத் துடைத்தாள். துணி போடாமல் வெறும் எந்திரத்தை 60 டிகிரிச் சூட்டில் ஓட்டினாள். மாதம் ஒரு முறை இப்போது அப்படியே செய்கிறாள். சோப்புத் தூளைக் கரண்டியால் அளந்து போடுகிறாள். நாற்றம் போய்விட்டது.

எந்திரத்தின் கதவு திறந்தே இருக்கிறது. எந்திரம் இருக்கும் குளியல் அறைக் கதவுக்கு, வெளிப்பக்கம், கைக்கு எட்டாத உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் போட்டு இருக்கிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை நான் போயிருந்தேன். சின்னவன் கூடத்தில் இருந்து ஒரு முக்காலியை அந்தக் கதவுப் பக்கம் இழுத்துக் கொண்டு போனான். அக்காள் ஓடிப் போய் முக்காலியைப் பிடுங்கி, பரண் மேல் போட்டாள்.