டைமிங் பெல்ட் மாற்றுதல்

டைமிங் பெல்ட் என்பது கார் எஞ்சினில் கிராங்க் ஷாஃப்ட்டையும் கேம் ஷாஃப்ட்டையும் இணைத்து, இரண்டும் ஒரே கணக்கில் சுழலச் செய்யும் பற்கள் கொண்ட ரப்பர் பட்டை ஆகும். குறித்த காலத்தில் பழைய பட்டையைக் கழற்றிப் புதியதைப் பூட்ட வேண்டும். எளிய அமைப்புள்ள எஞ்சின்களில் இதை வீட்டிலேயே செய்ய முடியும். ஆனால் பூட்டும்போது ஒரு பல் பிசகினாலும் எஞ்சினின் இயக்கம் கெடும்.

பெல்ட்டின் பணி

நான்கு வீச்சு எஞ்சினில் உறிஞ்சல், அழுத்தம், திறன், வெளியேற்றம் ஆகிய நான்கு வீச்சுகள் முடிய கிராங்க் ஷாஃப்ட் இருமுறை சுற்றுகிறது. அதற்குள் ஒவ்வொரு வால்வும் ஒருமுறை மட்டுமே திறந்து மூட வேண்டும். எனவே கேம் ஷாஃப்ட் பாதி வேகத்தில் சுற்ற வேண்டும். இதற்காகக் கேம் புல்லியில், கிராங்க் புல்லியைப் போல இருமடங்கு பற்கள் வைக்கப்படுகின்றன. எஞ்சின் நிமிடத்திற்கு 3,000 முறை சுற்றும்போது கேம் ஷாஃப்ட் 1,500 முறை சுற்றும். அதாவது ஒரு வால்வு நொடிக்கு 25 முறை திறந்து மூடும்.

கிராங்க் புல்லியில் 20 பற்கள் இருப்பதாகக் கொள்வோம். ஒரு பல்லின் அளவு 360 ÷ 20 = 18 பாகை. பெல்ட் ஒரு பல் தள்ளிப் பூட்டப்பட்டால், வால்வுகள் கிராங்க் கணக்கில் 18 பாகை முந்தியோ பிந்தியோ திறக்கும். எஞ்சின் இழுவை குறையும், நடுங்கும், சில சமயம் கிளம்பவே கிளம்பாது.

பல எஞ்சின்களில் பிஸ்டன் மேலே வரும் இடமும் வால்வு கீழே இறங்கும் இடமும் ஒன்றே. வேறு வேறு நேரத்தில் வருவதால்தான் அவை மோதுவதில்லை. இத்தகைய எஞ்சின் ஓடும்போது பெல்ட் அறுந்தால் கேம் ஷாஃப்ட் நின்றுவிடும். பிஸ்டன்கள் திறந்திருக்கும் வால்வுகளில் மோதி அவற்றை வளைத்துவிடும். அப்போது ஆகும் செலவு பெல்ட்டின் விலையைப் போலப் பல மடங்கு.

வரலாறு

முன்பு இவ்வேலையைப் பற்சக்கரங்களும் சங்கிலியும் செய்தன. கேம் ஷாஃப்ட்டைப் பற்பட்டையால் இயக்கி, பெருமளவில் விற்பனைக்கு வந்த முதல் கார் ஜெர்மனியின் கிளாஸ் 1004 (1962). பெல்ட் எடை குறைந்தது, சத்தமில்லாதது என்பதால் பரவலாயிற்று. இந்தியாவில் 1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800 காரிலும் டைமிங் பெல்ட்தான் இருந்தது. இன்று பல கார்களில் மீண்டும் சங்கிலி பயன்படுகிறது. உங்கள் வண்டியில் இருப்பது எது என்பதைக் கையேட்டில் பார்த்துக்கொள்க.

எப்போது மாற்றுவது

பல வண்டிகளுக்கு 60,000 முதல் 1,00,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்லப்படுகிறது. கூடவே ஆண்டுக் கணக்கும் உண்டு. இரண்டில் எது முந்துகிறதோ அதுவே கெடு. ஓடாமல் நிற்கும் வண்டியிலும் ரப்பர் இறுகி வெடிக்கும் என்பதால் கிலோமீட்டரை மட்டும் பார்ப்பது போதாது. எஞ்சின் ஆயில் கசிந்து பெல்ட்டில் பட்டால் அது விரைவில் கெடும். வெளிப் பார்வைக்கு நன்றாக இருந்த பெல்ட்டும் முன்னறிவிப்பின்றி அறுவதுண்டு.

மாற்றும் முறை

1. எஞ்சின் நன்றாக ஆறியபின் தொடங்குக. பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றுக. வண்டியைத் தூக்க வேண்டியிருந்தால் ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு வைக்க வேண்டும்.

2. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றினால் உள்ளழுத்தம் நீங்கி, எஞ்சினைக் கையால் சுற்றுவது எளிதாகும்.

3. வெளிப்புற பெல்ட்டுகள், கிராங்க்கின் வெளிப் புல்லி, டைமிங் கவர் ஆகியவற்றைக் கழற்றுக.

4. கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் வைத்து, எஞ்சின் ஓடும் திசையிலேயே சுற்றுக. பெரும்பாலான எஞ்சின்கள், பெல்ட் உள்ள பக்கத்திலிருந்து பார்த்தால், கடிகாரத் திசையில் சுற்றும். பழைய ஹோண்டா எஞ்சின்கள் சில எதிர்த்திசையில் சுற்றும். கிராங்க், கேம் இரண்டின் குறிகளும் எஞ்சின் உடலில் உள்ள குறிகளுக்கு நேராக வரும்போது நிறுத்துக.

5. டென்ஷனரைத் தளர்த்திப் பழைய பெல்ட்டை எடுக்கவும். இதன்பின் கிராங்க்கையோ கேமையோ தனியாகச் சுற்றக் கூடாது.

6. டென்ஷனர் உருளையைக் கையால் சுழற்றிப் பார்க்கவும். கரகரத்தால் மாற்றிவிடுக. ஆயில் சீல் கசிகிறதா என்றும் பார்க்கவும். டைமிங் பெல்ட்டே வாட்டர் பம்ப்பையும் சுற்றும் வண்டிகளில் பம்ப்பையும் சேர்த்து மாற்றுவது சிக்கனம்.

7. புதிய பெல்ட்டை மடிக்கவோ முறுக்கவோ கூடாது; உள்ளே உள்ள கண்ணாடி இழைகள் முறிந்துவிடும். கிராங்க் புல்லியில் தொடங்கி, டென்ஷனர் இல்லாத பக்கத்தைத் தொய்வின்றி இழுத்துக் கேமில் மாட்டுக. தொய்வு முழுவதும் டென்ஷனர் பக்கம் வர வேண்டும். மறுபக்கம் தொய்வு இருந்தால், கிராங்க் சுற்றத் தொடங்கியதும் குறிகள் விலகிவிடும்.

8. கையேட்டில் சொன்னபடி டென்ஷனரை அமைத்து, போல்ட்டுகளை டார்க் ரெஞ்ச்சால் குறித்த அளவுக்கு இறுக்குக.

பழைய பெல்ட் இருந்த இடத்தைப் பெயிண்டால் குறித்து, புதியதை அப்படியே மாட்டும் பழக்கம் சிலரிடம் உண்டு. பழைய பெல்ட் ஏற்கெனவே ஒரு பல் தாவியிருந்தால் அந்தப் பிழையும் புதிய பெல்ட்டுக்கு வந்துவிடும். ஆலை இட்ட குறிகளே அடிப்படை.

சோதனை

ஸ்டார்ட் செய்யும் முன், கிராங்க்கை ஸ்பேனரால் முழுதாக இரு சுற்றுகள் மெதுவாகச் சுற்ற வேண்டும். இரண்டு சுற்றில் கேம் ஒரு சுற்று முடித்துப் பழைய இடத்திற்கு வரும்; அப்போது எல்லாக் குறிகளும் மீண்டும் நேராக நிற்க வேண்டும். நடுவில் எங்காவது கெட்டியாகத் தடுத்தால் வலுக்கட்டாயமாகச் சுற்றாதீர்கள். வால்வு பிஸ்டனைத் தொடுகிறது என்பதே அதன் பொருளாக இருக்கலாம். பெல்ட்டைக் கழற்றி, குறிகளை முதலிலிருந்து சரிபார்க்க வேண்டும். கையால் சுற்றும்போது தொட்டு நிற்கும் வால்வு பெரும்பாலும் தப்பிக்கும். ஸ்டார்ட்டர் மோட்டார் சுற்றினால் வளைந்துவிடும். சில நிமிடங்களே எடுக்கும் இந்தச் சோதனையை ஒருபோதும் தவிர்க்கக் கூடாது.

வீட்டில் செய்யக்கூடாத நிலைகள்

சில எஞ்சின்களில் புல்லிகள் சாவித்துண்டு இல்லாமல் போல்ட்டின் இறுக்கத்தால் மட்டுமே நிற்கின்றன. கிராங்க்கையும் கேமையும் அசையாமல் பூட்டும் தனிக் கருவிகள் இல்லாமல் அவற்றில் கைவைக்கக் கூடாது. அந்த வண்டிக்குரிய பழுதுபார்ப்புக் கையேடு கிடைக்காதபோதும் அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது. யார் மாற்றினாலும், மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் எழுதி வண்டியிலேயே வைத்திருந்தால், அடுத்த கெடு எப்போது என்பதில் ஐயம் இராது.