வறுத்த வஞ்சிரத்தின் மேலேயே பழி போடாதீங்க! கொலஸ்ட்ராலும் பரம்பரைச் சொத்து, தெரியுமா?

சென்னை மாத்தூர் எம்.எம்.டி.ஏ.வில் ஒல்லியான ஒருவருக்கு, பீடி, சிகரெட் தொடாதவருக்கு, ரிப்போர்ட்டில் 'கொலஸ்ட்ரால் 300' என்று வரலாம். "அப்படி என்னத்த சாப்ட்டேன்?" என்று அவர் தலையில் கைவைத்தால், விடை தட்டில் அல்ல, அப்பா அம்மா கொடுத்த மரபணுவில் இருக்கலாம்!

★ ரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ராலில் பெரும்பங்கைத் தயாரிப்பது நம் உடம்பேதான், தெரியுமா? கெட்ட கொழுப்பான எல்.டி.எல்.லைப் பிடித்து உள்ளே இழுப்பவை கல்லீரல் செல்களின் ஏற்பிகள். துறைமுகத்தில் பாதி பெர்த்தை மூடினால் கப்பல்கள் கடலிலேயே காத்துக்கிடக்குமே, ஏற்பி குறைந்தால் கொழுப்பும் அப்படித்தான் ரத்தத்தில் தேங்கும்! இதைக் கண்டுபிடித்த பிரவுன், கோல்ட்ஸ்டீன் இருவருக்கும் 1985-ல் நோபல் பரிசு!

★ ஏற்பிகள் சரியாக வேலை செய்யாத இந்தப் பரம்பரைக் கோளாறு சுமார் 250 பேரில் ஒருவருக்கு உண்டு, தெரியுமா? பெற்றோரில் ஒருவருக்கு இருந்தாலே ஒவ்வொரு பிள்ளைக்கும் 50 சதவீத வாய்ப்பு! அக்கா மகள், அத்தை மகள் என்று சொந்தத்திலேயே கட்டும்போது, இரு பக்கமிருந்தும் அது பிள்ளைக்கு வந்து சேரும் வாய்ப்பு கூடும். அப்படி வந்துவிட்டால் சிறு வயதிலேயே முழங்கையிலும் முட்டியிலும் மஞ்சள் கட்டிகள்; இருபது வயதுக்குள் மாரடைப்பே வரலாம்!

★ தென்னாப்பிரிக்காவின் ஆப்பிரிக்கானர்களிடம் இந்தக் கோளாறு ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவர்! ஐரோப்பாவிலிருந்து குடியேறிய சில முன்னோர்கள் கொண்டுவந்த மரபணு, தலைமுறை தலைமுறையாகப் பெருகிவிட்டது.

★ நேர்மாறான அதிசயமும் உண்டு! அமெரிக்கக் கறுப்பினத்தவரில் 2.6 சதவீதம் பேருக்கு 'பி.சி.எஸ்.கே.9' மரபணுவில் ஒரு மாற்றம். அவர்களுக்கு எல்.டி.எல். 28 சதவீதம் குறைவு, இதய நோயோ 88 சதவீதம் குறைவு என்று 2006-ல் வெளியான ஆய்வு சொன்னது. இன்றைய கொழுப்புக் குறைப்பு ஊசிகள் குறிவைப்பது இந்த மரபணு உருவாக்கும் புரதத்தைத்தான்!

★ நம்ம கதை? தமிழ்நாட்டையும் சேர்த்து நடந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 'இண்டியாப்' ஆய்வில் (2014) 72 சதவீதம் பேருக்கு நல்ல கொழுப்பு குறைவு! லைப்போபுரோட்டீன்-ஏ என்ற இன்னொரு கொழுப்போ வெள்ளையரைவிடத் தெற்காசியருக்கு அதிகம். பத்தியத்துக்கு மசியாது; அளவை நிர்ணயிப்பது பெரும்பாலும் மரபணுவே!

★ கொழுப்பைக் குறைக்கும் ரோசுவாஸ்டாட்டின் மாத்திரையை ஆசியர்களுக்கு 5 மில்லிகிராமில் தொடங்கலாம் என்கிறது அமெரிக்க மருந்துக் குறிப்பு. ஒரே மாத்திரைதான், ஆனால் வெள்ளையரைவிட நம் ரத்தத்தில் அதன் அளவு சுமார் இரு மடங்கு ஏறும்!

அப்பாவுக்கோ அண்ணனுக்கோ 55 வயதுக்கு முன், அம்மாவுக்கோ அக்காவுக்கோ 65-க்கு முன் மாரடைப்பு வந்திருக்கிறதா? ஸ்டான்லி மருத்துவமனையோ, பக்கத்து லேபோ, வீட்டில் எல்லோருக்கும் லிப்பிட் டெஸ்ட் எடுத்துவிடுங்கள், பிள்ளைகளையும் சேர்த்து! பரம்பரையை மாற்ற முடியாது. ஆனால் கொழுப்பைக் குறைக்க மாத்திரை இருக்கிறது!