தனித்திருந்தும் சதுரங்கம் ஆடலாம்

சதுரங்கம் ஆட இரண்டு பேர் வேண்டும். அளவெட்டியில் எங்கள் ஒழுங்கையில் விளக்கு வைத்த பிறகு அந்த இரண்டாவது ஆள் கிடைப்பது கஷ்டம். பிள்ளைகள் வெளிநாடு போய்விட்ட வீடுகளும், பெண்கள் தனித்திருக்கும் வீடுகளும்தான் அதிகம். ஜேர்மனியில் இருக்கும் என் தம்பி தான் பாவித்த சதுரங்கக் கணனியை அனுப்பியிருந்தான். அதைக் கண்டதும் அயலவர்கள் கேட்டது, "இதுக்கு இங்கிலிஷ் தெரிய வேணுமோ அக்கா?" என்றுதான்.

வேண்டியதில்லை. பார்வைக்கு அது சாதாரண சதுரங்கப் பலகைதான். ஒவ்வொரு கட்டத்தின் கீழும் அழுத்தத்தை உணரும் அமைப்பு இருக்கிறது. நகர்த்தப்போகும் காயை, அது நிற்கும் கட்டத்திலேயே மெல்ல அழுத்த வேண்டும். பிறகு தூக்கிப் போகுமிடத்தில் வைத்து மறுபடி அழுத்த வேண்டும். எங்கிருந்து, எங்கே என்ற இரண்டும்தான் அதற்குத் தெரிய வேண்டும். அதன் பதில் நகர்வு வரும்போது பலகையின் ஓரத்தில் இரண்டு சிறிய லைற்றுகள் எரியும். ஒன்று நிரையையும் மற்றது நிரலையும் காட்டும். அவை சந்திக்கும் கட்டத்திலுள்ள காயை நாங்களே அழுத்தி நகர்த்திக் கொடுக்க வேண்டும். எதிராளிக்கும் நாமே கை கொடுப்பது வேடிக்கைதான்!

கோட்டை கட்டும்போதுதான் பலர் தடுமாறுவார்கள். முதலில் அரசனை இரண்டு கட்டம் நகர்த்தி அழுத்த வேண்டும். கோட்டையை முதலில் வைத்தால் அதையே முழு நகர்வாக எடுத்துக்கொண்டு கணனி தன் ஆட்டத்தை ஆடிவிடும். நகர்வைத் திருப்பி எடுக்கப் பொத்தான் உண்டு. வெட்கப்படாமல் பாவியுங்கள்.

விதிக்கு மாறாக வைத்தால் ஒரு சத்தம் போட்டு மறுக்கும், அவ்வளவுதான். ஏசாது, சிரிக்காது. பாடசாலையில் வாய் திறக்கப் பயப்படும் அயல்வீட்டுச் சிறுமி ஒருத்தி அதனோடு மணிக்கணக்கில் இருக்கிறாள். ஆனால் அந்தத் திடீர்ச் சத்தம் சில அம்மாமாரைத் திடுக்கிட வைக்கிறது. ஏனென்று இந்தச் சஞ்சிகையின் வாசகியருக்கு நான் சொல்லத் தேவையில்லை. சத்தத்தை நிறுத்தவும் வசதி உண்டு. யாருக்குக் கொடுத்தாலும் முதலில் அதைத்தான் செய்துகொடுக்கிறேன்.

வீட்டுப் பாவனைக்கான இத்தகைய கணனி 1977 இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. பிடெலிட்டி நிறுவனத்தின் 'செஸ் சலஞ்சர்' அது. அதில் கட்டங்கள் எதையும் உணராது. கட்டத்தின் எழுத்தையும் இலக்கத்தையும் பொத்தான்களில் அழுத்திச் சொல்ல வேண்டும். 1990களில் இங்கே இது கிடைத்திருந்தாலும் பயனில்லை. பற்றரி குடாநாட்டுக்குள் வரத் தடை. சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தானே வானொலி கேட்டோம்!

சதுரங்கம் ஆண்களின் விளையாட்டு என்பவர்களுக்குச் சென்னையைக் காட்டுவேன். விஜயலட்சுமி சுப்பராமன் 2001 இல் இந்தியாவின் முதலாவது பெண் கிராண்ட்மாஸ்டரானார். அதே சென்னையின் வைஷாலி 2023 இல், ஆண்களும் பெறுகின்ற கிராண்ட்மாஸ்டர் பட்டத்தையே எட்டினார்.

எங்கள் கணனி வாரத்துக்கொரு வீடாகச் சுற்றுகிறது. புதிதாகத் தொடங்குவோர் ஆகக் குறைந்த மட்டத்தில் வைத்து ஆடுங்கள். இந்த வாரம் அது கோயிலடியில், எழுபது வயதைத் தாண்டிய ஓர் ஆச்சியிடம் இருக்கிறது. திருப்பித் தர இன்னும் மனமில்லையாம்.