வேலி யாருக்கு?

கொள்ளைநோய் பரவுகிறது என்ற செய்தி வந்ததும், "வெளியாரை உள்ளே விடாதீர்கள்" என்ற குரலே முதலில் எழுகிறது. இடம்பெயர்ந்து வாழும் எமக்கு அக்குரல் புதியதல்ல.

19ஆம் நூற்றாண்டில் தென்னிந்தியத் தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுப் பாதையால் மாத்தளை நோக்கி நடந்தனர். பசியும் கெட்ட நீரும் வாந்திபேதியும் பலரை வழியிலேயே மாய்த்தன. பின்னர் இலங்கை அரசாங்கம் இந்தியக் கரையிலுள்ள மண்டபத்தில் நோய்த்தடுப்பு முகாமொன்றை நடத்தியது. தொழிலாளர் அங்கு பல நாட்கள் மறித்து வைக்கப்பட்டு, அம்மைப்பால் குத்தப்பட்ட பின்னரே தலைமன்னாருக்குக் கப்பலேறினர். வசதிபடைத்த பயணிகளுக்கோ இலகுவான ஒழுங்கு இருந்தது. கிருமி பயணச்சீட்டின் வகுப்பைப் பார்ப்பதில்லை, வேலி பார்த்தது. அத்தொழிலாளர் பறித்த தேயிலை உலகமெங்கும் விலைபோனது. 1983க்குப் பின் எம்மவர் பலர் அகதிகளாகத் தங்கியதும் அதே மண்டபத்தில்தான்.

1994இல் இந்தியாவின் சூரத் நகரில் பிளேக் நோய் கண்டபோது, சில நாடுகள் இந்திய விமானங்களை நிறுத்தின. உணவுப் பொருட்களையும் மறுத்தன. அத்தகைய தடைகளை உலக சுகாதார நிறுவனம் கேட்டிருக்கவில்லை. உண்மையைச் சொன்னவருக்குத் தண்டனை கிடைத்தால், அடுத்தமுறை யார் சொல்வார்? நாட்டுக்கும் இது பொருந்தும், வீட்டுக்கும் பொருந்தும்.

அப்படியானால் காவலே வேண்டாமா? வேண்டும். தொற்றுள்ளவரைச் சில நாட்கள் பிரித்து வைப்பது அவசியமாகலாம். ஆனால் அவருக்கு உணவும் மருந்தும், இழந்த நாட்கூலிக்கு ஈடும் கிடைக்க வேண்டும்.

மலேரியாவை எண்ணிப் பாருங்கள். வன்னியில் அக்காய்ச்சலை அறியாத குடும்பம் உண்டா? 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. நுளம்பு இன்னும் இருக்கிறது. நோயுள்ள நாடுகளிலிருந்து ஆட்களும் வருகிறார்கள். ஆயினும் கதவை அடைத்து நாம் அந்நோயைத் தடுக்கவில்லை. வருவோரின் இரத்தத்தைச் சோதித்து, நோய் கண்டால் இலவசமாக வைத்தியம் செய்கிறோம். இந்தியாவிலிருந்து திரும்பிய அகதிகளுக்கும் இதுவே செய்யப்பட்டது. வந்தவரை எதிரியாக்காமல் நோயை மட்டும் பிடிக்கும் வழி இது.

எனவே, வெளிநாடு சென்று வந்த ஒருவருக்குக் காய்ச்சல் கண்டால் மறைக்க வேண்டாம். எங்கே சென்று வந்தார் என்பதை வைத்தியருக்குச் சொல்லுங்கள். அயலவரும் அவரை ஒதுக்காதிருக்கட்டும். கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் இரு கேள்விகளைக் கேளுங்கள்: எமது கிணறு சுத்தமா? வீட்டுக்கு வீடு மலசலகூடம் உண்டா? முட்கம்பியை விட இவை பலமான காவல்.