குறும்பயணம் யாருக்கு? நகரச் சாலையில் மிதிவண்டியும் சமூகநீதியும்

பட்டியல் சாதியினர் மற்றும் பட்டியல் பழங்குடியினர் (வன்கொடுமைத் தடுப்பு) சட்டம் மிதிவண்டியைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒருவர் பொது இடத்தில் மிதிவண்டியிலோ மோட்டார் சைக்கிளிலோ ஏறிச் செல்வதைப் பிற சமூகத்தவர் தடுப்பது குற்றம். அதற்கு ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனையும் அபராதமும் உண்டு. ஊர்த்தெருவுக்குள் வந்தால் வண்டியிலிருந்து இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும் என்ற கட்டுப்பாடு இந்நாட்டில் நிலவியது. அது முற்றாக ஒழியாததால்தான் நாடாளுமன்றம் இப்படியொரு பிரிவை எழுத நேர்ந்தது.

அதே மிதிவண்டி இன்று 'மைக்ரோ மொபிலிட்டி' எனப்படும் நுண்போக்குவரத்தின் பெயரால் மாநகரத் திட்ட அறிக்கைகளில் இடம்பெறுகிறது. சில கிலோமீட்டர் தொலைவுக்குள் அடங்கும் பயணங்களைக் காரிலோ மோட்டார் சைக்கிளிலோ மேற்கொள்ளாமல், மிதிவண்டி, மின்மிதிவண்டி, சிறு மின்ஸ்கூட்டர் போன்றவற்றில் செல்ல மக்களை ஊக்குவிப்பதே இதன் நோக்கம். புகை குறையும், சாலையில் இடம் மிஞ்சும், செலவும் குறைவு. இந்தியச் சட்டமும் இதற்கு வழிவிட்டிருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989இன்படி, 250 வாட்டுக்கும் குறைந்த திறனும் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் குறைந்த வேகமும் கொண்டு, எடை வரம்பு முதலிய நிபந்தனைகளையும் நிறைவுசெய்யும் மின்வண்டிகள் 'மோட்டார் வாகனம்' என்ற வரையறைக்குள் வருவதில்லை. அவற்றுக்கு ஓட்டுநர் உரிமமோ பதிவோ தேவையில்லை.

இத்திட்டங்களை நாம் எதிர்க்கவில்லை. ஆனால் இவை யாரை மனத்தில் வைத்துத் தீட்டப்படுகின்றன என்று கேட்க வேண்டியிருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, விவசாயமும் வீட்டுத்தொழிலும் சாராத தொழிலாளர்களில் ஏறத்தாழ 23 விழுக்காட்டினர் நடந்தும், 13 விழுக்காட்டினர் மிதிவண்டியிலும் வேலைக்குச் சென்றனர். காரில் சென்றவர்கள் 3 விழுக்காட்டுக்கும் குறைவு. தூய்மைப் பணியாளரும் வீட்டுவேலை செய்யும் பெண்களும் கட்டடத் தொழிலாளரும் எவருடைய ஊக்குவிப்பும் இன்றியே பல்லாண்டுகளாகக் காலாலும் மிதிவண்டியாலும் நகரத்தைக் கடந்து வருகிறார்கள். அதற்கான விலையையும் கொடுக்கிறார்கள். 2022இல் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர் நடந்து சென்றவர்கள்.

குறும்பயணம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. சென்னையில் கூவம், அடையாறு கரைகளிலும் நகரின் மையப் பகுதிகளிலும் வாழ்ந்த குடும்பங்கள் 2000ஆம் ஆண்டு முதல் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் ஆகிய மறுகுடியமர்வுப் பகுதிகளுக்கு அகற்றப்பட்டன. கண்ணகி நகரில் மட்டும் 15,000க்கும் மேற்பட்ட வீடுகள் உள்ளன. அகற்றப்பட்டவர்களில் தலித் மக்கள் பெருந்திரளாக இருப்பது தற்செயலன்று. முன்பு வேலைக்கு நடந்தே சென்றவர்கள் இன்று அதே வேலைக்காக இருபது கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்கிறார்கள். ஊருக்கு வெளியே சேரியை வைத்த அதே புவியியல் இங்கே நகரத் திட்டத்தின் மொழியில் தொடர்கிறது. ஐந்து கிலோமீட்டர் பயணத்தை மிதிவண்டிக்கு மாற்றச் சொல்லும் அரசு, அந்த ஐந்து கிலோமீட்டர் வாழ்க்கையை இம்மக்களிடமிருந்து பறித்ததும் தானே என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

எனவே நமது முதல் கோரிக்கை வாழிடம் பற்றியது: வாழும் இடத்திலேயே, அல்லது அதற்கு அருகிலேயே வீடு வேண்டும். ஏற்கெனவே அகற்றப்பட்டவர்களுக்கு, வீட்டு வாசலிலிருந்து பேருந்து நிறுத்தம் வரையிலான தொலைவே முதல் தடை. 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணிக்கிறார்கள். அந்த நிறுத்தத்தை அடையும் வழியில் நடைபாதையும் விளக்கும் இல்லாவிட்டால், அதிகாலைப் பணிக்குக் கிளம்பும் பெண்ணுக்கு அந்தச் சலுகை அரைகுறையாகவே கிடைக்கும். பழைய மகாபலிபுரம் சாலை வழியாக மெட்ரோவின் இரண்டாம் கட்டப் பாதை அமைந்து வருகிறது. அதன் நிலையங்களுக்கும் இக்குடியிருப்புகளுக்கும் இடையே உள்ள சில கிலோமீட்டர்தான் நுண்போக்குவரத்துக்கு உண்மையான சோதனைக்களம்.

பொதுமிதிவண்டித் திட்டங்கள் திறன்பேசிச் செயலியையும் இணையவழிக் கட்டணத்தையும் மட்டுமே நம்பியிருந்தால், அவை ஏழைத் தொழிலாளரைத் தொடக்கத்திலேயே விலக்கிவிடும். பூங்காக்களிலும் வணிக வீதிகளிலும் வண்டிகளை நிறுத்திவைத்துவிட்டு, குடியிருப்புகளில் 'தேவை இல்லை' என்று முடிவுகட்டுவதும் அறமாகாது.

தமிழ்நாட்டுக்கு இதில் நல்ல முன்மாதிரிகள் உண்டு. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் நடந்த அறிவொளி இயக்கம், எழுத்தோடு மிதிவண்டியையும் கிராமப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. விவசாயக் கூலிகளும் கல்குவாரித் தொழிலாளரும் ஆயிரக்கணக்கில் ஓட்டக் கற்றார்கள். அரசின் விலையில்லா மிதிவண்டித் திட்டமும் 2001–02இல் மேல்நிலை வகுப்புகளில் பயிலும் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவியருக்காகவே தொடங்கப்பட்டு, பின்னரே பிற மாணவர்களுக்கும் விரிந்தது. கடைக்கோடியில் இருப்பவரிடம் தொடங்கிய திட்டம் அனைவருக்கும் பயன்பட்டது. நகரங்களும் இந்த வரிசையைத்தான் பின்பற்ற வேண்டும்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. அரசமைப்பின் 15(2) உறுப்பு, சாதியின் பெயரால் சாலைகளைப் பயன்படுத்துவதில் எவருக்கும் தடை விதிக்கக் கூடாது என்கிறது. இமாசலப் பிரதேச மலைக்கிராம மக்களின் சாலைக் கோரிக்கையிலிருந்து எழுந்த உமேத் ராம் சர்மா வழக்கில், சாலைவசதி வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று 1986இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. சென்னை மாநகராட்சி 2014இல் ஏற்ற மோட்டாரற்ற போக்குவரத்துக் கொள்கை, போக்குவரத்து நிதியில் குறைந்தது 60 விழுக்காட்டை நடைபாதைக்கும் மிதிவண்டிக்குமான கட்டமைப்புக்கு ஒதுக்க வேண்டும் என்கிறது.

இவற்றை ஏட்டிலிருந்து தெருவுக்குக் கொண்டுவரும் பணி நம்முடையது. அந்த 60 விழுக்காடு எந்த ஆண்டில், எந்த வார்டில் செலவானது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மாணவர்கள் கேட்கலாம். மறுகுடியமர்வுப் பகுதியிலிருந்து நிறுத்தம் வரை நடந்து பார்த்து, விளக்கில்லாத இடங்களையும் நடைபாதை அறுந்த இடங்களையும் குறித்து, பகுதி சபையில் தீர்மானமாக வைக்கலாம். பதில் வராவிட்டால், அந்தக் குறிப்புகளும் தகவல் மறுப்புகளும் உயர் நீதிமன்றத்தில் நமக்குச் சான்றாவணங்களாகும்.